பில்ட்ரூட் எஸ்டிகே: பல வருஷம் புழங்கின பிறகு

"காக்கா (அண்ணன்), பில்ட்ரூட்டா யாக்டோவா?" கீழக்கரைத் தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். இரண்டும் என்னவென்று அவருக்குத் தெரியும், அரிச்சுவடி வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு வரி: சின்னக் கருவிகளில் ஓடும் லினக்ஸை நாமே சோர்ஸ் கோடிலிருந்து கட்டிக்கொள்ள உதவும் இரண்டு மென்பொருள்கள்.

நான் செய்வது மண்டபம் பக்கத்து விசைப்படகுகளில் ஐஸ் அறை வெப்பநிலையைப் பதியும் பெட்டி. உள்ளே பீகிள்போன் பிளாக் என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு, 512 எம்பி ரேம். லினக்ஸ் முழுக்க பில்ட்ரூட்டில் கட்டியது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'மேக் எஸ்டிகே' என்று அடித்தால், பெட்டிக்கான புரோகிராம் எழுதத் தேவையான கருவித் தொகுப்பு (அதுதான் எஸ்டிகே) ஒரே டார் ஃபைலாகக் கிடைக்கும். கிராஸ் கம்பைலர் (லேப்டாப்பில் ஓடி, பெட்டியின் சிப்புக்குப் புரோகிராம் கட்டுவது), பெட்டியில் இருக்கும் அதே லைப்ரரிகள், ஹெடர்கள் எல்லாம் அதில் அடக்கம். வேறொரு லேப்டாப்பில் விரித்து, கூடவே வரும் ரீலொகேட் ஸ்கிரிப்டை ஒரு தடவை ஓட்டினால் போதும், பாதைகள் புது இடத்துக்கு மாறிவிடும். (அந்த லேப்டாப்பில் ரொம்பப் பழைய லினக்ஸ் டிஸ்ட்ரோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.) உபுண்டு 22.04 தரும் ரெடிமேட் கிராஸ் கம்பைலரில் கட்டிப் பாருங்கள், அருமை தெரியும். அதில் இருப்பது ஜிலிப்சி 2.35; புரோகிராம்கள் சாய்ந்து நிற்கும் அடிப்படை லைப்ரரி அது. 2021-இல் வந்த 2.34-லேயே பிதிரெட் லைப்ரரியை (ஒரே நேரத்தில் பல வேலை ஓட்டுவதற்கானது) அதன் மையமான லிப்சிக்குள் சேர்த்துவிட்டார்கள். அதற்குமுந்தைய ஜிலிப்சி உள்ள பெட்டியில் அந்த புரோகிராம் 2.34 இல்லை என்று சொல்லி எழும்பவே எழும்பாது. கட்டும்போது ஒரு சத்தமும் இருக்காது. படகில் ஏறின பிறகுதான் மக்கர். எஸ்டிகே வைத்திருப்பவனுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

இப்போது கோபம். டூல்செயினில் (கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும்) சி++ மொழி வேண்டும் என்று ஒரே ஒரு டிக் போட்டால், 'மேக் க்ளீன்' அடித்து எல்லாவற்றையும் துடைத்து, ஜிசிசி கம்பைலரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். எதை மாற்றினால் எது பாதிக்கும் என்று பில்ட்ரூட் கணக்கு வைப்பதில்லை. மேனுவலே அதை ஒளிக்காமல் சொல்கிறது; அந்த எளிமையால்தான் முழு அமைப்பும் ஒரு ஆளின் தலைக்குள் அடங்குகிறது. நியாயம் புரிகிறது. நடுராத்திரி ஜிசிசி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மட்டும் புரிய மாட்டேன் என்கிறது. திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று நினைப்போம். பாதி எழுதி நின்ற ஆப்ஜெக்ட் ஃபைல் (கம்பைலர் எழுதும் இடைநிலைத் துண்டு) ஒன்று காலியாகக் கிடக்கும். கட்டும் வேலையை நடத்தும் மேக் அதை முடிந்த வேலையென்று தாண்டிப் போகும், துண்டுகளைக் கோக்கும் லிங்கர் வந்து முட்டிக்கொள்ளும். அந்தப் பேக்கேஜை அழித்துவிட்டு முதலிலிருந்து. அந்தப் பேக்கேஜ் ஜிசிசி என்றால் விடிந்துவிடும்.

இதற்கு வழி உண்டு. டூல்செயினை மட்டும் தனியாகக் கட்டி, அதையே வெளி டூல்செயினாகக் காட்டிவிட்டால் மற்ற பேக்கேஜ்களைக் கட்டும்போது ஜிசிசி பக்கமே போக வேண்டாம். சி++ டிக்கை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

யாக்டோ இந்த விஷயத்தில் கெட்டி. அதன் எஸ்ஸ்டேட் கேஷ் (கட்டி முடித்தவற்றின் சேமிப்பு) எதை மறுபடி கட்டணும் என்று தானே கண்டுபிடிக்கும். ஆனால் டிஸ்க்கில் நிறைய இடம் ஒதுக்கணும். அதன் எஸ்டிகேயில் ஒவ்வொரு டெர்மினலிலும் என்விரான்மென்ட் ஃபைலை சோர்ஸ் பண்ணணும், அதாவது கம்பைலர் அமைப்புகளை ஏற்றிக்கொள்ளணும்.

எனக்கு பில்ட்ரூட் ஒத்துப்போவதற்கு இன்னொரு காரணம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில். பிப்ரவரி வெளியீடுதான் பில்ட்ரூட்டின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதை எடுத்துக் கட்டி, சோதித்து, படகு கரையேறும்போது எல்லாப் பெட்டியிலும் ஏற்றிவிடலாம்.

ஆகவே தம்பி, நீங்க யாக்டோவே எடுங்க. உங்க தெருவிலயும் கரண்ட் போகும். நான் பில்ட்ரூட்டை விடறதா இல்லை. எதை எடுத்தாலும் சோர்ஸ் கோடு மொத்தத்தையும் முன்கூட்டியே இறக்கி, தனி ஹார்ட் டிஸ்க்ல வச்சுக்கங்க.