ஒரு பலம் 35 கிராமா, 41 கிராமா? சித்த மருந்து நிறுப்பதில் மூன்று வழிகள்

ஏட்டில் "சுக்கு பலம் 10, லிங்கம் வராகன் 1" என்று இருக்கும். (பலமும் வராகனும் பழைய எடைகள்; லிங்கம் என்பது பாதரசம் கொண்ட தாது.) மேசையில் இருக்கும் தராசுக்கோ கிராம் மட்டும்தான் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் மருந்து நிறுப்பவர்.

மெட்ரிக்குக்கு மாற்றலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. 1956-இல் சட்டம் வந்து, 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைக்கற்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளின் லேபிளில் நிகர எடையையும் கொள்ளளவையும் மெட்ரிக்கில்தான் போட வேண்டும் என்று மருந்துகள் விதிகளின் 161-ஆம் விதி சொல்கிறது. ஆக, எப்படி மாற்றுவது என்பதுதான் கேள்வி. நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன: அச்சிட்ட பட்டியலைப் பார்ப்பது, பழைய வாய்பாட்டைப் பெருக்கிக்கொண்டு போவது, எல்லாவற்றையும் பாகமாக, அதாவது விகிதமாக, ஆக்கிவிடுவது. மூன்றும் ஒரே விடையைத் தராது.

பட்டியல்

சித்த மருத்துவ மாணவர் எல்லோரும் மனப்பாடம் செய்யும் பட்டியல் இது. உளுந்து எடை 65 மி.கி., குன்றிமணி 130 மி.கி., மஞ்சாடி 260 மி.கி., பணவெடை 488 மி.கி., வராகனெடை 4.2 கிராம், கழஞ்சு 5.1 கிராம், பலம் 35 கிராம், சேர் 280 கிராம், வீசை 1.4 கிலோ, துலாம் 3.5 கிலோ.

பார்த்தவுடன் எடுத்து எழுதலாம், கணக்குப் போட வேண்டாம். யார் செய்தாலும் ஒரே எண்தான் வரும். ஆய்வுக்கூடமோ அதிகாரியோ கேட்டால் "இந்தப் பட்டியல்படி" என்று காட்டவும் முடியும். இவை சின்ன வசதிகள் இல்லை.

ஆனால் அந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆங்கில மருந்துக்கடைகளின் பழைய கிரெயின் எடை 64.8 மி.கி. அதை 65 ஆக்கினால் உளுந்து, இரட்டித்தால் குன்றிமணி, இன்னொரு முறை இரட்டித்தால் மஞ்சாடி. (ஆஸ்பிரின் மாத்திரையில் 325 மி.கி. என்ற விசித்திர எண் வந்ததும் இதே கிரெயினால்தான்: 5 கிரெயின், தலா 65.) பட்டியலின் மேல்பாதிக்கு, அதாவது பெரிய எடைகளுக்கு, அடிப்படை வேறு. தோலா என்ற பழைய கடை எடை 11.66 கிராம், மூன்று தோலா சேர்ந்தால் 34.99, அதுதான் பலம். எட்டுப் பலம் சேர், ஐந்து சேர் வீசை. இது சென்னை மாகாணக் கடைத்தெரு எடை. கீழ்ப்பாதி மருந்துக்கடைத் தராசிலிருந்தும் மேல்பாதி மளிகைத் தராசிலிருந்தும் வந்து ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் சேரும் இடத்தில், அதாவது வராகனுக்கும் பலத்துக்கும் நடுவில், தையல் விட்டிருக்கிறது.

வாய்பாடு

பழைய வாய்பாடு சொல்வது: 32 குன்றிமணி ஒரு வராகனெடை, 10 வராகனெடை ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை. குன்றிமணியை 130 மி.கி. என்று வைத்துக்கொண்டு மேலே ஏறினால் வராகன் 4.16 கிராம், பலம் 41.6 கிராம். சில புத்தகங்களில் பலத்துக்கு 41 கிராம் போட்டிருப்பது இந்தப் பெருக்கலில் வருவதுதான். பட்டியலோ 35 என்கிறது. மேலிருந்து இறங்கினால், 35 கிராம் பலத்தைப் பத்தால் வகுக்க வராகன் 3.5 கிராம், குன்றிமணி சுமார் 109 மி.கி.

எது சரி? என் கட்சி இறங்குமுகக் கணக்கின் பக்கம். சென்னையின் நட்சத்திர வராகன் காசு சுமார் 3.4 கிராம்தான். பத்துக் காசு 34 கிராம். பலத்தோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது. குன்றிமணியை நூறு எண்ணி நிறுத்துப் பார்த்தாலும் விதைக்கு 100 மி.கி.யை ஒட்டித்தான் பெரும்பாலும் வரும். 130 என்பது விதையைப் பார்த்து வைத்த எண் அல்ல, கிரெயினைப் பார்த்து வைத்த எண்.

சரி, அதற்காக விதையையே எடைக்கல்லாகப் போடலாம் என்று யாராவது கிளம்பினால் வேண்டாம். ஒன்று, விதைக்கு விதை எடை மாறும். இரண்டு, குன்றிமணியே நஞ்சு. நச்சுச் சரக்குகளைப் பட்டியலிடும் மருந்துகள் விதிகளின் E(1) அட்டவணையில் எட்டி, நாபி, தாளகம், இரசம் (பாதரசம்) இவற்றோடு அதுவும் இடம் பெற்றிருக்கிறது. மருந்து நிறுக்கும் மேசையில் அதற்கு வேலையில்லை.

வாய்பாட்டின் வலிமை உள்விகிதத்தில் இருக்கிறது. ஏடு எழுதியவர் "ஒரு பலத்துக்கு ஒரு வராகன்" என்றால் பத்துக்கு ஒன்று என்றுதான் நினைத்திருப்பார். அதை அப்படியே காப்பாற்றுவது வாய்பாடுதான். அதன் பலவீனம், வாய்பாடு ஒன்றே ஒன்று இல்லை என்பது. பொன் நிறுத்தவருக்கு ஒன்று, சரக்கு நிறுத்தவருக்கு ஒன்று. கடைக்கணக்கில் துலாம் ஆறு வீசை. 8 கிலோவைத் தாண்டும். மருந்துப் பட்டியலில் அதே துலாம் நூறு பலம், 3.5 கிலோ. எந்த வாய்பாட்டைக் கையில் எடுத்தோம் என்று தெரியாமல் பெருக்க ஆரம்பித்தால் நேராகப் படுகுழிதான்.

பாகம்

மூன்றாவது வழி கிராமைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. திரிகடுகு சூரணம் என்றால் சுக்கு, மிளகு, திப்பிலி சம அளவு. ஆளுக்கு 100 கிராம் எடுத்தால் முடிந்தது. பலம் 35 ஆனாலும் 41 ஆனாலும் ஆயுர்வேதக் கணக்கில் 48 ஆனாலும் சூரணம் ஒன்றேதான். செய்முறை முழுக்கப் பலத்திலேயே இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. மெட்ரிக்கில் முழு எண்ணாக வருவதால் நிறுப்பதில் பிழையும் குறையும்.

ஒரே செய்முறையில் இரண்டு அலகு கலந்தவுடன்தான் சிக்கல். மேலே சொன்ன சுக்கு பலம் 10, லிங்கம் வராகன் 1 என்பதையே எடுத்துக்கொள்வோம். வாய்பாட்டுப்படி 10 பலம் என்றால் 100 வராகன். லிங்கம் நூற்றுக்கு ஒன்று. பட்டியல்படி சுக்கு 350 கிராம், லிங்கம் 4.2 கிராம், நூற்றுக்கு 1.2. அதாவது பட்டியலை அப்படியே பின்பற்றியவரின் மருந்தில் லிங்கம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். லிங்கம் இரசத்தின் தாது. சுத்தி செய்ததாகவே இருக்கட்டும், இருபது விழுக்காடு கூடுவதை "பரவாயில்லை" என்று விட முடியாது. அதே இடத்தில் இந்துப்பு இருந்தால் நான் இவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டேன்.

ஆகவே என் வரிசை இது. முதலில் வாய்பாட்டை வைத்து எல்லாச் சரக்கையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும், வராகன் என்றால் எல்லாம் வராகன். அப்புறம் அதைப் பாகமாக்கி, வேண்டிய மொத்த எடைக்கு ஏற்பக் கிராமில் பிரிக்க வேண்டும். தயாரிப்பில் பட்டியலுக்கு வேலையே இல்லை. நோயாளிக்குக் கொடுக்கும் அளவை எழுதும்போது மட்டும் பட்டியலைத் திறக்கலாம். ஏனென்றால் பாகம் விகிதத்தைத்தான் சொல்லும், வேளைக்கு எவ்வளவு என்று சொல்லாது.

தண்ணீர் வந்தால்

குடிநீரில் (கஷாயத்தில்) எடையும் கொள்ளளவும் சேர்ந்தே வரும் என்பதால் பாகம் தனியாக நிற்காது. பட்டியலில் ஆழாக்கு 168 மி.லி., உழக்கு 336 மி.லி., படி 1.344 லிட்டர். ஒரு பலம் சரக்கை ஒரு படித் தண்ணீரில் போட்டு எட்டில் ஒன்றாக வற்ற வைத்தால் சரியாக ஓர் ஆழாக்கு கிடைக்கும். பழைய அளவுகள் எவ்வளவு கச்சிதமாக ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன என்பதற்கு இது நல்ல சாட்சி.

இதில் கையை வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். "படி என்றால் ஏறத்தாழ ஒரு லிட்டர்தானே" என்று சுருக்குகிறவர்கள் உண்டு. சரக்கு அதே 35 கிராம், தண்ணீர் மட்டும் ஒரு லிட்டர் என்றால், லிட்டருக்கு 26 கிராம் இருந்தது 35 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு காட்டம் கூடும். ஆயுர்வேதப் பட்டியலின் 48 கிராமைப் பலத்துக்கு எடுத்து, சித்தப் பட்டியலின் படியைத் தண்ணீருக்கு எடுத்தாலும் ஏறக்குறைய அதே விளைவு. எந்தப் பட்டியல் நல்லது என்பதைவிட, ஒரு செய்முறைக்குள் இரண்டு பட்டியலைக் கலக்காமல் இருப்பது முக்கியம்.

எண்ணெயும் தேனும் தனி வம்பு. படி என்பது கொள்ளளவு. ஒரு படி நல்லெண்ணெய் சுமார் 1.24 கிலோ நிற்கும். அதே படியில் தேனை ஊற்றினால் 1.9 கிலோவை நெருங்கும். தைலம், லேகியச் செய்முறைகளில் படியை லிட்டராகவே மாற்றி, அளவுக் குவளையில் அளப்பது நல்லது. தராசில்தான் வைப்பேன் என்றால் அடர்த்தியால் பெருக்கியாக வேண்டும்.

வேளைக்குக் கொடுக்கும் அளவு

சூரணத்தில் 1 கிராம், 2 கிராம் என்று கொடுக்கிறோம். அங்கே ஐந்து விழுக்காடு முன்னே பின்னே போனால் ஒன்றும் ஆகாது. பணவெடைக்கு 488-ஐ 500 ஆக்குவதிலும் எனக்கு மறுப்பில்லை. செந்தூரம், பற்பம் போன்ற புடமிட்ட மருந்துகளில்தான் கை நடுங்க வேண்டும். குன்றியெடைக்கு தோலாக் கணக்கில் 121.5 மி.கி. (தோலாவில் 96-இல் ஒரு பங்கு), ஆயுர்வேதப் பட்டியலில் 125, சித்தப் பட்டியலில் 130, பலத்திலிருந்து இறங்கினால் 109. தயாரிப்பாளர் லேபிளிலோ மருத்துவர் சீட்டிலோ மில்லிகிராமில் எழுதியிருந்தால் அதுதான் அளவு, நாம் மாற்ற ஒன்றுமில்லை. "குன்றியெடை" என்று மட்டும் இருந்தால் எழுதியவரைக் கேட்க வேண்டும். கேட்க வழியில்லாமல் நாமே முழு எண்ணாக்க வேண்டி வந்தால், E(1) அட்டவணைச் சரக்கு சேர்ந்த மருந்தைக் கீழ்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும், மேல்நோக்கி அல்ல.

பத்துப் பத்து மி.கி.யாக மட்டும் காட்டும் தராசில் ஒவ்வொரு பொட்டலமாக 125 நிறுப்பது வீண் வேலை. 120 என்றோ 130 என்றோதான் அது காட்டும். பத்து வேளைக்கு 1.25 கிராமை ஒரேயடியாக நிறுத்து, அனுபானச் சூரணத்தோடு (மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் பொடி) கல்வம் என்ற அரைக்கும் கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நன்றாக அரைத்துக் கலந்து, மொத்த எடையைப் பத்தாகப் பிரிப்பது எவ்வளவோ மேல்.

திரிகடி, சுண்டைக்காய் அளவு, நெல்லிக்காய் அளவு இவற்றுக்கு எந்தப் பட்டியலும் உதவாது. மூன்று விரல் அள்ளும் சூரணம் விரலுக்கு விரல் மாறும், நெல்லிக்காயும் மரத்துக்கு மரம் மாறும். மருத்துவரிடம் கிராமில் கேட்டு வாங்கி லேபிளில் எழுதிவிடுவதே வழி. கரண்டி அளவிலும் இதே குழப்பம்: பழைய பட்டியலில் தேக்கரண்டி 4 மி.லி., இன்றைய மருந்துப் புட்டியோடு வரும் கரண்டி 5 மி.லி., வீட்டுக் கரண்டி இரண்டிலும் சேராது. மணப்பாகு, குடிநீர் கொடுக்கும்போது "இரண்டு கரண்டி" என்பதை விட்டுவிட்டு "10 மி.லி." என்று எழுதி, கோடு போட்ட மூடி ஒன்றையும் கையில் கொடுத்துவிடலாம்.