'சரிங்க' என்றதற்குப் போன 2 லட்சம்

கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல். நெல்லும் மஞ்சளும் போடுவோம். 2022 மார்ச்சில் அப்பாவின் 2 லட்ச ரூபாய் டெபாசிட் முதிர்ந்தது. மஞ்சள் விற்ற காசு அது. புதுப்பிக்க பேங்க்குக்குப் போனவர் ஒரு பளபள ஃபைலோடும் ஒரு காலண்டரோடும் திரும்பி வந்தார்.

"அதே டெபாசிட்தான் கண்ணு. வட்டி கொஞ்சம் சேத்தியாம். கூட இன்சூரன்சும் இருக்குதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு."

நான் அப்போது திருப்பூரில், ஷிப்மென்ட் தேதி நெருங்கிய டென்ஷனில் இருந்தேன். "சரிங்கப்பா" என்று போனை வைத்துவிட்டேன். என் பங்குத் தப்பு அது.

அடுத்த பிப்ரவரியில் ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் ஆண்டு பிரீமியம் 2 லட்சத்தைக் கட்டச் சொல்லி. பீரோவில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில், பிரிக்காமலே கிடந்த கவரை எடுத்துப் பார்த்தேன். அது எண்டோமென்ட் பாலிசி, அதாவது காப்பீடும் சேமிப்பும் கலந்தது. ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் 10 வருஷம் கட்ட வேண்டும். பணம் கைக்கு வருவது 15 வருஷம் கழித்து. அப்பாவுக்கு அப்போதே வயது 58. விண்ணப்பத்தில் அவர் தொழில் 'வியாபாரம்', ஆண்டு வருமானம் 9 லட்சம், படிப்பு பட்டப்படிப்பு. அப்பா எட்டாவது தாண்டாதவர். கையெழுத்து மட்டும் அவருடையதேதான். நிதானமாக, அழகாகப் போட்டிருந்தார்.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று விசாரித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அன்றைய விதிப்படி ஒரே ஒரு பிரீமியத்தோடு நிறுத்தினால் ஒரு பைசா திரும்பாது. இரண்டு கட்டிவிட்டுச் சரண்டர் செய்தால், அதாவது பாலிசியை நடுவிலேயே முடித்துக்கொண்டால், கட்டியதில் 30 சதவீதம்தான் உத்தரவாதம். அதாவது இன்னொரு 2 லட்சத்தையும் கொடுத்துவிட்டு 1,20,000 வாங்கிக்கொள்ளலாம்! 2024 அக்டோபர் முதல் விற்கிற புதிய பாலிசிகளுக்கு ஒரு வருஷம் கட்டி முடித்தாலே ஓரளவு சரண்டர் மதிப்பு உண்டு. எங்களுடையது பழைய கணக்கு.

அதன் பிறகுதான் இந்த இன்சூரன்ஸ் வகைகளை உட்கார்ந்து படித்தேன். முன்பே படித்திருக்கலாம். டேர்ம் என்பது சுத்தமான ஆயுள் காப்பீடு. பாலிசி காலத்துக்குள் நாம் போய்விட்டால் குடும்பத்துக்குப் பணம் வரும். இருந்துவிட்டால் ஒன்றும் வராது. 'ஒண்ணும் திரும்பாதா?' என்று நம் ஆட்கள் முகம் சுளிப்பது இங்கேதான், ஏஜென்ட்டுகளுக்கும் அது தெரியும். எண்டோமென்ட்டில் சேமிப்பும் சேர்ந்து வருவதால் பிரீமியம் பலமடங்கு, காப்பீடு கொஞ்சம். மணி பேக் அதே சரக்குதான், நடுநடுவே கொஞ்சம் கொஞ்சமாகத் தருவார்கள். யூலிப்பில் பணம் பங்குச் சந்தைக்கும் போகும். நடுவில் நிறுத்தினாலும் 5 வருஷம் முடியாமல் கைக்கு வராது.

எங்கள் கதையிலேயே கணக்குப் பாருங்கள். அப்பா கட்டிய 2 லட்சத்துக்குக் காப்பீட்டுத் தொகை 14 லட்சம். அதன் பிறகு 33 வயதில், புகைப்பழக்கம் இல்லாத நான் எடுத்த டேர்ம் பாலிசிக்கு ஆண்டுக்குச் சுமார் 13,000 ரூபாய். காப்பீடு 1 கோடி. வயது வித்தியாசம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இந்த இடைவெளி வயதால் மட்டும் வந்ததில்லை. இன்னொன்று: அதே பேங்க் கவுன்டரிலேயே பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா திட்டம் கிடைக்கிறது. ஆண்டுக்கு 436 ரூபாய், 2 லட்சம் காப்பீடு, 18 முதல் 50 வயது வரை சேரலாம். நான் எத்தனையோ தடவை போய் நின்றிருக்கிறேன், அந்த ஃபாரத்தை ஒருத்தரும் எடுத்து நீட்டியதில்லை.

சரி, புகார் கதைக்கு வருகிறேன். முதலில் கம்பெனிக்கே எழுதினோம். 'உங்கள் தந்தை சரிபார்ப்பு அழைப்பில் எல்லாவற்றுக்கும் சம்மதம் தெரிவித்துள்ளார்' என்று பதில் வந்தது. அந்த ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கினோம். ஒரு பெண் மூச்சு விடாமல் வாசிக்கிறார். அப்பா பதினொரு தடவை "சரிங்க" என்கிறார். 'ஆண்டுதோறும் 2 லட்சம்' என்ற இடத்திலும் "சரிங்க". நம்ம ஊரில் 'சரிங்க' என்றால் 'காதில் விழுந்துச்சுங்க, மேல சொல்லுங்க' என்று அர்த்தம். இதை அந்தக் கம்பெனிக்கு யார் விளக்குவது? போதாததற்கு, "போன் வரும்ப்பா, எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிடுங்க" என்று அந்தப் புள்ளையே முன்கூட்டிச் சொல்லி அனுப்பியிருக்கிறது.

அப்புறம் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதினோம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே தராவிட்டாலோ அங்கே போகலாம். ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். விசாரணை வீடியோ காலில் நடந்தது. ஒலிப்பதிவை விட எங்களைக் காப்பாற்றியது அந்த 'பட்டப்படிப்பு'தான். அப்பாவின் எட்டாவது டிசியையும், டெபாசிட் முதிர்ந்த அதே நாளில் பாலிசிக்குப் பணம் போனதைக் காட்டும் பாஸ்புக் பக்கத்தையும் அனுப்பியிருந்தோம். பாலிசியை ஒரே தடவை கட்டும் பாலிசியாக மாற்றித் தரச் சொல்லி உத்தரவு வந்தது. இனிக் கட்ட வேண்டியதில்லை, ஆனால் 2027 மார்ச் வரை பணத்தைத் தொட முடியாது. ஜெயித்தோமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இத்தனையும் தேவையே இல்லாமல் போயிருக்கும், கவரைப் பிரித்திருந்தால். பாலிசி கைக்கு வந்த பிறகு வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க ஃப்ரீ லுக் என்று ஒரு அவகாசம் உண்டு. எங்களுக்கு அப்போது 15 நாள் இருந்தது. 2024 முதல் 30 நாள். சிறு கழிவு போக மீதிப் பணம் வந்துவிடும். முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள், இங்கிலீஷில்.

உங்கள் அப்பாவோ அப்புச்சியோ சமீபத்தில் பேங்க்கிலிருந்து காலண்டரோடு வந்திருந்தால், இன்றைக்கே பீரோவைத் திறந்து பாருங்கள். எத்தனை வருஷம் கட்டணும், முதல் வருஷத்தோடு நிறுத்தினால் எவ்வளவு வரும், இந்த இரண்டையும் அவரிடம் கேட்காதீர்கள், காகிதத்தில் தேடுங்கள். 30 நாள் தாண்டவில்லை என்றால் ரத்துக் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தாண்டியிருந்தால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் எண்ணான 155255-க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம்.

அந்தப் புள்ளை இப்போது வேறு கிளையில் இருக்கிறதாம். "அதுக்கு என்ன டார்கெட்டோ பாவம்" என்கிறார் அப்பா. காலண்டரை மட்டும் எடுத்து மாட்டுத் தொழுவத்தில் மாட்டிவிட்டார்.