பெரிய பதிப்பகமா, கறுப்பினச் சிறு பதிப்பகமா, சொந்தக் காசா: அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்களின் மூன்று வழிகள்

அடிமை வாழ்விலிருந்து தப்பி வந்த ஹாரியட் ஜேக்கப்ஸ் தன் வரலாற்றை எழுதி முடித்தபோது, பாஸ்டன் பதிப்பகம் ஒன்று அச்சிட ஒப்புக்கொண்டது. நிபந்தனை ஒன்றுதான்: லிடியா மரியா சைல்ட் என்ற வெள்ளை எழுத்தாளரிடமிருந்து முன்னுரை வாங்கி வர வேண்டும். முன்னுரை கிடைத்தது. ஆனால் புத்தகம் வருவதற்குள் பதிப்பகம் திவாலாகிவிட்டது. கோத்து வைத்திருந்த அச்சுத் தகடுகளை ஜேக்கப்ஸே விலைக்கு வாங்கி, 1861-இல் சொந்தமாக அச்சடித்து வெளியிட்டார்.

அமெரிக்காவில் கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் புத்தகம் வெளிவர இன்றும் மூன்று வழிகள் உள்ளன. நியூயார்க் பெரிய பதிப்பகம், கறுப்பினத்தார் நடத்தும் சிறு பதிப்பகம், சொந்தப் பதிப்பு. இவற்றை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் எதில் எவ்வளவு பணம் வரும் என்றுதான் பார்க்கிறார்கள். அதைவிட முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: பிரதியில் கை வைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, புத்தகம் தீர்ந்தபின் மறுபடி அச்சடிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது.

யோசனையிலிருந்து பிரதி வரை

இந்தக் கட்டம் மூன்று வழிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். காலம் பிடிக்கும், அவ்வளவே. ரேண்டம் ஹவுஸில் எடிட்டராக இருந்த டோனி மாரிசன் 1974-இல் வெளிவந்த 'தி பிளாக் புக்' தொகுப்புக்கு வேலை செய்தபோது, அடிமை வாழ்வுக்குத் திரும்பாதிருக்கத் தன் குழந்தையைக் கொன்ற மார்கரெட் கார்னர் பற்றிய 1856-ஆம் ஆண்டுச் செய்தித்தாள் துண்டு ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதிலிருந்து பிறந்த 'பிலவட்' வெளிவந்தது 1987-இல். கால்சன் வைட்ஹெட்டுக்கு 'தி அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோட்' யோசனை வந்தது 2000-இல், புத்தகம் 2016-இல். இதற்கு எதிர்முனையில் ஜோரா நீல் ஹர்ஸ்டன் இருக்கிறார்: ஹெய்ட்டியில் உட்கார்ந்து ஏழே வாரத்தில் ஒரு நாவலை முடித்தவர்.

ஆவணங்களை வைத்து எழுதுபவர்கள் ஒரு பழக்கத்தை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ள வேண்டும். குறிப்பு எடுக்கும்போதே நூல் பெயர், பக்க எண், எது அப்படியே நகல், எது சொந்த வாக்கியம் என்று பிரித்து எழுதி வைப்பது. அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' 1976-இல் வந்து நாட்டையே உலுக்கியது. தன் நாவலிலிருந்து பகுதிகள் எடுக்கப்பட்டதாக ஹெரால்ட் கூர்லேண்டர் வழக்குத் தொடுத்தார். 1978-இல் 650,000 டாலர் கொடுத்து அதை முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வேறொரு நூலின் வரிகள் தன் குறிப்புகள் வழியாக உள்ளே வந்துவிட்டதாக ஹேலி சொன்னார். பெரிய பதிப்பகத்தின் வக்கீல் படை இருந்தும் நடந்தது இது. சொந்தப் பதிப்பில் அந்தப் படையும் கிடையாது.

வாசலில் யார் நிற்கிறார்கள்

பெரிய பதிப்பகங்கள் நேரடியாகப் பிரதி வாங்குவதில்லை. நடுவில் இலக்கிய ஏஜெண்ட் ஒருவர் வேண்டும், தமிழ்ப் பதிப்புலகுக்குப் பழக்கமில்லாத ஆள். நாவல் என்றால் முழுசாக முடித்திருக்க வேண்டும், 80,000 முதல் 100,000 சொல் வரை. அதோடு ஒரு பக்கக் கடிதம், கதைச் சுருக்கம், ஏஜெண்ட் கேட்கிற அளவுக்கு முதல் பக்கங்கள். புனைவல்லாத நூலுக்கு முழுப் பிரதி தேவையில்லை. அத்தியாய வாரியான திட்டமும் ஓரிரு மாதிரி அத்தியாயங்களும் போதும்.

ஐம்பது ஏஜெண்டுகளுக்கு ஒரே நாளில் அனுப்பிவிடுவது பரவலாக நடக்கும் பிழை. எட்டுப் பத்துப் பேருக்கு அனுப்பி, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் காத்திருந்து, பதில்களைப் பார்த்து முதல் அத்தியாயத்தைச் செப்பனிட்டு அடுத்த சுற்று போக வேண்டும். ஒரு முறை மறுத்தவர் அதே பிரதியைத் திரும்பப் பார்ப்பது அரிது. படித்துப் பார்ப்பதற்கே கட்டணம் கேட்பவர் ஏஜெண்ட் இல்லை. அந்த இடத்தோடு விட்டுவிடலாம். நல்ல ஏஜெண்டுக்கு வருமானம் உங்கள் பணத்தில் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு 20. அது மட்டும்தான். எடிட்டருக்குப் பிடித்தாலும் வேலை முடியாது. விற்பனைப் பிரிவும் உட்காரும் கூட்டத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். கையெழுத்தான பிறகு கடைக்கு வர இன்னும் ஒன்றிலிருந்து இரண்டு வருடம்.

சிறு பதிப்பகத்தில் ஏஜெண்ட் தேவையில்லை. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் பிரதிகளை வாங்கிக்கொள்வார்கள். கவிதைக்கு முதல் நூல் போட்டிதான் ராஜபாட்டை: 48 முதல் 80 பக்கத் தொகுப்பு, பெரும்பாலும் 20-30 டாலர் நுழைவுக் கட்டணம். டாய் டெரிகாட், கொர்னீலியஸ் ஈடி இருவரும் 1996-இல் தொடங்கிய கேவ் கானெம் என்ற கறுப்பினக் கவிஞர் அமைப்பின் முதல் பரிசுக்கு ரீட்டா டவ் தேர்ந்தெடுத்தது நட்டாஷா டிரெத்வேயை. கிரேவுல்ஃப் பதிப்பகம் அவருடைய முதல் தொகுப்பை 2000-இல் கொண்டுவந்தது. 2007-இல் வேறொரு தொகுப்புக்காக அவர் புலிட்சர் பெற்றார்.

சொந்தப் பதிப்பில் வாசலே இல்லை, காவலும் இல்லை. அதன் விலையைப் பிறகு பார்ப்போம்.

பிரதியில் யார் கை

இங்கேதான் மூன்று வழிகளும் நிஜமாகப் பிரிகின்றன.

பால் லாரன்ஸ் டன்பாரைப் பாருங்கள். ஒஹையோ மாநிலம் டேட்டனில் லிஃப்ட் இயக்குபவராக வேலை. முதல் கவிதைத் தொகுப்பை அச்சிட 125 டாலர் செலவு. தாளில் 1893 என்று அச்சான அந்தப் புத்தகத்தைத் தன் லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கே ஒரு டாலருக்கு விற்றுக் கடனை அடைத்தார். இரண்டாம் தொகுப்புக்கு 1896-இல் ஹார்ப்பர்ஸ் வீக்லியில் வில்லியம் டீன் ஹவல்ஸ் என்ற செல்வாக்குள்ள விமர்சகர் மதிப்புரை எழுத, அதே ஆண்டு டாட் மீட் என்ற பெரிய பதிப்பகம் அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் ஹவல்ஸ் தூக்கிப் பிடித்தது வட்டார வழக்குக் கவிதைகளை மட்டும். அதன்பின் பத்திரிகைகளும் வாசகர்களும் அவரிடம் அதையேதான் கேட்டார்கள். செந்நடை ஆங்கிலத்தில் எழுதிய கவிதைகளைச் சீந்துவாரில்லை என்று கடைசி வரை டன்பார் புழுங்கினார்.

அடுத்த தலைமுறையில் அப்படியே தலைகீழ். அமெரிக்காவுக்குக் கடைசியாக வந்த அடிமைக் கப்பல்களில் ஒன்றில் கொண்டுவரப்பட்ட குட்ஜோ லூயிஸை நேரில் கண்டு, அவர் பேசிய மொழியிலேயே 'பராகூன்' நூலை 1931-இல் எழுதி முடித்தார் ஹர்ஸ்டன். வைக்கிங் பதிப்பகம் வழக்குமொழியை விட்டுவிட்டுப் பொதுமொழியில் தரச் சொன்னது. ஹர்ஸ்டன் மறுத்துவிட்டார். அந்தப் பிரதி புத்தகமானது 2018-இல்; அவர் இறந்து 58 ஆண்டுகள் கழித்து. ஒருவரிடம் வழக்குமொழி மட்டும் போதும் என்றார்கள், இன்னொருவரிடம் அது மட்டும் வேண்டாம் என்றார்கள். இரண்டிலும் அளவுகோல் வெள்ளை வாசகரின் வசதி.

ரிச்சர்ட் ரைட்டின் கணக்கு இன்னும் துல்லியமானது. 1940-இல் 'நேட்டிவ் சன்' நாவலை, சந்தாதாரர்களுக்குத் தபாலில் புத்தகம் அனுப்பும் புக் ஆஃப் த மந்த் கிளப் தேர்ந்தெடுத்தது, சில காட்சிகளை மாற்றினால்தான் என்ற நிபந்தனையோடு. ரைட் மாற்றினார். மூன்று வாரத்தில் இரண்டு லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. 1945-இல் தன்வரலாற்றின் இரண்டாம் பாதி, அதாவது வடக்கே சிகாகோவில் பட்டதைச் சொல்லும் பகுதி, அதே கிளப்புக்காக வெட்டப்பட்டது. அந்தப் பாதி தனி நூலாக வந்தது 1977-இல். அவர் எழுதியபடியே பாடங்களை லைப்ரரி ஆஃப் அமெரிக்கா 1991-இல் மீட்டுக் கொடுத்தது. அரை நூற்றாண்டு மாணவர்கள் படித்தது வெட்டுப்பட்ட பிரதி. இரண்டு லட்சம் வாசகர்களுக்கு அது நியாயமான விலையா? ரைட் ஆமென்று முடிவெடுத்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவை எடுக்கும்போது வெட்டின் ஆயுள் அவ்வளவு நீளும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சிறு பதிப்பகத்தில் இந்தப் பேரமே வராது. க்வெண்டலின் புரூக்ஸ் 1945 முதல் ஹார்ப்பர் என்ற பெரிய பதிப்பகத்தின் கவிஞர், 1950-இல் புலிட்சர் வாங்கியவர். அவரே 1969-இல் 'ரயட்' நூலை டெட்ராய்ட் பிராட்சைட் பிரஸ்ஸுக்குக் கொடுத்தார். அது நூலகர் டட்லி ராண்டல் 1965-இல் தன் கவிதையை ஒற்றைத் தாளில் அச்சடித்துத் தொடங்கிய பதிப்பகம். பாடகர் ஒருவர் அந்தக் கவிதைக்கு மெட்டமைக்க விரும்பியதால் உரிமையைப் பதிந்துவைக்கவே அச்சடித்தார். பதிப்பகம் அப்படித்தான் பிறந்தது. சிகாகோவில் 1967-இல் தொடங்கிய தேர்ட் வேர்ல்ட் பிரஸ்ஸின் முதலீடு 400 டாலரும் ஒரு சைக்ளோஸ்டைல் இயந்திரமும்.

இந்த வழியில் சிக்கல் வேறு இடத்தில். ராண்டலுக்குப் பகலில் நூலக வேலை, இரவில் பார்சல் கட்டும் வேலை. பிரதிகளை வாங்கிய கடைகள் பணம் அனுப்பவில்லை, காகித விலை ஏறியது. எழுபதுகளின் பிற்பாதியில் அவர் பதிப்பகத்தை வேறு கைக்கு மாற்ற நேர்ந்தது. சிறு பதிப்பகத்தில் உங்கள் புத்தகத்தின் ஆயுள் ஒரே ஒருவரின் உடம்பையும் வங்கிக் கணக்கையும் நம்பி நிற்கிறது.

பெரிய இடத்திலும் இது உண்டு, வேறு வடிவில். புத்தகத்தை வாங்கிய எடிட்டர் வேலையை விட்டுப் போனால் அது அநாதைப் புத்தகம். 2020-இல் பேந்தியன் பதிப்பகத்தின் தலைமைக்கு லிசா லூகாஸ் நியமிக்கப்பட்டபோது பலர் நம்பிக்கையோடு பார்த்தார்கள். 2024 மே மாதம் அவர் நீக்கப்பட்டார். அப்போது இடைவழியில் இருந்த நூல்கள் அந்நிய கைக்குத்தான் போக வேண்டும்.

காசுக் கணக்கு

பெரிய பதிப்பகம் தரும் முன்பணம், அதாவது பின்னால் வரும் ராயல்டியில் கழித்துக்கொள்ளும் பணம், 15,000 டாலர் என்று வைப்போம். ஏஜெண்டுக்கு 2,250 போக 12,750. அது கையெழுத்தின்போது, பிரதி ஏற்கப்பட்டபோது, வெளியீட்டின்போது என்று மூன்று தவணையாக, இரண்டு வருடத்துக்கு மேல் பரவி வரும். பேப்பர்பேக் விலை 16 டாலர், ராயல்டி வழக்கமான 7.5 சதவீதம் என்றால் பிரதிக்கு 1.20. ஆக 12,500 பிரதி விற்ற பிறகுதான் அடுத்த டாலர் வரும். விற்காவிட்டாலும் முன்பணத்தைத் திருப்ப வேண்டியதில்லை என்பது ஆறுதல்.

2020 ஜூனில் எல். எல். மெக்கின்னி தொடங்கிய ஹேஷ்டேக் ஒன்றில் எழுத்தாளர்கள் முன்பணத்தை வெளியே சொன்னார்கள். ராக்ஸேன் கே முதல் நாவலுக்கு 12,500, 'பேட் ஃபெமினிஸ்ட்' நூலுக்கு 15,000. அடுத்தடுத்து மூன்று ஆண்டு, அறிபுனைவுக்கான ஹியூகோ விருது வாங்கிய முத்தொகுதிக்கு என். கே. ஜெமிசின் பெற்றது நூலுக்கு 25,000. அவருடைய முந்தைய தொடருக்குக் கிடைத்ததைவிட அது குறைவு.

முன்பணம் ஏன் குறைகிறது என்பதற்குக் காரணம் எளிது. எடிட்டர் லாப நட்டக் கணக்குத் தயாரிக்கும்போது கடந்த சில ஆண்டுகளில் வந்த 'இதைப் போன்ற' நூல்களின் விற்பனையைக் காட்ட வேண்டும். அவ்வகை நூல்களைக் குறைவாக அச்சடித்து, விளம்பரமில்லாமல் விட்டிருந்தால் அந்த எண்கள் சிறியவை. சிறிய எண், சிறிய முன்பணம். சிறிய முன்பணம், சிறிய அச்சு. எழுத்தாளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒப்புமை நூல்களைக் கறுப்பின ஆசிரியர்களின் அலமாரியிலிருந்து மட்டும் எடுக்காமல், அதே வகைமையில் நன்றாக விற்றவற்றிலிருந்து எடுத்து ஏஜெண்டின் கையில் கொடுப்பது.

சொந்தப் பதிப்பில் முதலில் செலவு. 80,000 சொல் நாவலுக்குச் சொல்லுக்கு 2 முதல் 3 சென்ட் வீதம் பிழை திருத்த 1,600 முதல் 2,400 டாலர், அட்டைக்குச் சில நூறு. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் ஒன்று 125 டாலர், பத்து 295. பேப்பர்பேக், மின்னூல், ஒலிநூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண் என்பதால் பத்தாக வாங்குவதே புத்தி. 300 பக்கப் புத்தகத்தை 16 டாலருக்கு அமேசானில் அச்சிட்டு விற்றால் கையில் ஏறத்தாழ 5 டாலர் நிற்கும். அதே புத்தகம் கடைகளுக்கு 55 சதவீதக் கழிவில் போனால் இரண்டு டாலர் மிஞ்சினால் பெரிது. கடைகள் கேட்கின்றன என்று 'திருப்பி அனுப்பலாம்' என்று குறித்துவிட்டால், ஐந்து மாதம் கழித்து வரும் பெட்டிகளின் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். முதல் புத்தகத்துக்கு அந்தக் கட்டத்தைத் தொடாதிருப்பது நல்லது.

இந்த வழி யாருக்குப் பலிக்கும் என்பதற்கு ஈ. லின் ஹாரிஸ் நல்ல பாடம். ஐபிஎம்மில் விற்பனையாளராக இருந்தவர், 1991-இல் தன் முதல் நாவலைத் தானே அச்சடித்து அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்கள் வரும் அழகு நிலையங்களுக்குக் கொண்டுபோனார். முடி அலங்காரத்துக்கு மணிக்கணக்கில் உட்காருகிறவர்கள் புத்தகத்தைக் கையில் எடுப்பார்கள் என்ற விற்பனையாளர் மூளை. 1994-இல் ஆங்கர் என்ற பெரிய பதிப்பகம் அதைப் பெரிய அளவில் மறுபதிப்புச் செய்தது. வாசகர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தவருக்குச் சொந்தப் பதிப்பு. தெரியாதவருக்கு வீட்டில் பெட்டி பெட்டியாய்ப் புத்தகம்.

எங்கள் தேர்வு

கவிதைக்குச் சிறு பதிப்பகம், யோசிக்கவே வேண்டாம். காதல், குற்றக்கதை, தொடர் நாவல்களுக்கு ஹாரிஸ் போன்ற விற்கும் கை இருந்தால் சொந்தப் பதிப்பு. பல ஆண்டு ஆவண வேலை கேட்கும் வரலாற்று நூலுக்கு முன்பணம் இல்லாமல் முடியாது, அதற்குப் பெரிய பதிப்பகம். இலக்கிய நாவலுக்கு முதலில் ஏஜெண்ட், கதவு திறக்காவிட்டால் சிறு பதிப்பகம். ஒரு வழியில் போனவர் அங்கேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வால்டர் மோஸ்லி புகழின் உச்சியில், 1997-இல், முன்பு நிராகரிக்கப்பட்ட தன் முதல் நாவலைப் பால்டிமோரின் பிளாக் கிளாசிக் பிரஸ்ஸுக்குக் கொடுத்தார். புரூக்ஸ் இன்னும் ஒரு படி போய், 1987-இல் தன் பெரும் தொகுப்பைத் தன் சொந்த நிறுவனத்தின் பெயரிலேயே வெளியிட்டார்.

எந்த வழியானாலும் ஒப்பந்தத்தில் உரிமை திரும்பும் விதியை முதலில் படியுங்கள். ஹர்ஸ்டன் 1960-இல் இறந்தபோது அவர் நூல்கள் கடையில் இல்லை. ஏழு வாரத்தில் எழுதிய அந்த நாவலை இல்லினாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1978-இல் மீண்டும் கொண்டுவந்தது. அன்றைய விதி 'அச்சில் இல்லாதபோது உரிமை திரும்பும்' என்றிருந்தது. இன்று கேட்டவுடன் ஒரு பிரதி அச்சடிக்கும் வசதி வந்துவிட்டதால், மின்னூல் பட்டியலில் கிடந்தாலே 'அச்சில் உள்ளது' என்று வாதாட முடியும். ஆகவே எண்ணாகக் கேளுங்கள்: தொடர்ந்து பன்னிரண்டு மாதத்தில் 250 பிரதிகளுக்குக் குறைவாக விற்றால், எழுத்தாளர் கடிதம் கொடுத்த ஆறு மாதத்துக்குள் எல்லா உரிமையும் திரும்ப வேண்டும். 250 என்பதை 100-ஆகக் குறைக்கச் சொன்னாலும் சம்மதிக்கலாம், எண்ணே இல்லாமல் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.