ட்ரோபோனினா, சி.கே.-எம்.பி.யா?

நிலாவெளியில் விடியற்காலையில் கரைவலை இழுத்த ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திருகோணமலை வைத்தியசாலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாரடைப்பா என்று அறிய, இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின், சி.கே.-எம்.பி. போன்ற பொருள்களை அளப்பதுண்டு. அவருடைய இரத்தத்தில் சி.கே.-எம்.பி. என்ற நொதி கூடியிருந்தால், அது இதயத்திலிருந்து கசிந்ததா, வலை இழுத்த தோளிலிருந்தா என்ற சந்தேகம் எழும்; அந்த நொதி கைகால் தசைகளிலும் சிறிதளவு உண்டு. இதய ட்ரோபோனின் அப்படியல்ல, ஏறக்குறைய இதயத் தசைக்கே உரிய புரதம். 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இதயநோய் அமைப்புகள் மாரடைப்பின் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது ட்ரோபோனினை முன்னிறுத்தின. என் தெரிவும் அதுவே, சிறுநீரக நோயிலும் அது உயரக்கூடும் என்றாலும்.

சி.கே.-எம்.பி.க்கு ஒரு பலம் இருந்தது. இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடுவதால், ஐந்தாம் நாள் மறுபடி அடைப்பு வந்தால் புதிய ஏற்றம் பளிச்சென்று தெரியும். ட்ரோபோனினோ ஒரு வாரத்துக்கு மேலும் தங்கும். ஆனால் சில மணி நேர இடைவெளியில் மீண்டும் அளந்து பார்த்தால் அதிலும் ஏற்றம் பிடிபடும்.

இரண்டுமே உயர நேரம் எடுக்கும். இறந்த இதயத் தசையோ பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை. ஆகவே ஈ.சி.ஜி. முதலில். வலி தொடங்கிய உடனே எடுத்த இரத்த முடிவு நன்றாக இருக்கிறதென்று மூதூருக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். இரண்டாவது தடவை இரத்தம் எடுக்கும்வரை கட்டிலிலேயே இருங்கள்.