லிஃப்ட் நின்றால் யாரைத் தேடுவது? தலைநகர் வாடகை பிளாட்டும் பினாங்கு மலிவு வீடும்

என் அத்தை கோலாலம்பூரில் பந்தாய் டாலாம் பக்கம் பிபிஆர் என்ற அரசுத் திட்ட வாடகை வீட்டில் இருக்கிறார். நான் பினாங்கு ஆயிர் ஈத்தாமில் ஒரு மலிவு விலை பிளாட்டில், சொந்த வீட்டில் இருக்கிறேன். மூன்று வருடமாக அந்தக் கட்டடத்தின் நிர்வாகக் குழுவுக்கு நான்தான் செயலாளர். தீபாவளிக்கு அவர் இங்கே வந்தாலும் நாங்கள் அங்கே போனாலும், முறுக்குத் தட்டு காலியாவதற்குள் பேச்சு லிஃப்டில் வந்து நிற்கும். "எனக்கு வீட்டுக்காரன் ஒருத்தன்தான்டா. எது கெட்டாலும் அவன் பொறுப்பு. உனக்கு?" என்பார். எனக்கு இருநூறு வீட்டுக்காரர்கள். அதில் நானும் ஒருவன்.

வீடு தேடுகிற நம் பிள்ளைகள் என்னிடம் விலை கேட்கிறார்கள், எத்தனை அறை என்று கேட்கிறார்கள், பள்ளிக்கூடம் பக்கமா என்று கேட்கிறார்கள். கட்டடத்தை யார் நிர்வகிக்கிறார்கள், அவர்களைக் கேள்வி கேட்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது, வேலைக்கு எத்தனை ஆள் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. பத்து வருடம் கழித்து அந்த வீட்டில் மனிதர் குடியிருக்க முடியுமா என்பது இந்த மூன்றில்தான் இருக்கிறது. அதனால் இரண்டு ஊர் ஏற்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஒரே கை: தலைநகர்

பிபிஆர் என்ற மக்கள் வீடமைப்புத் திட்டம் 1998 வாக்கில் தொடங்கியது. புறம்போக்குக் குடிசைகளிலும் நீளவீடுகளிலும் இருந்தவர்களை மாடிக்கு ஏற்றிய திட்டம் அது. தோட்டம் விற்கப்பட்டு நகரத்துக்கு வந்த நம் குடும்பங்களில் எத்தனையோ பேருக்கு, செங்கல் சுவரும் குழாய்த் தண்ணீரும் உள்ள முதல் வீடு அதுதான். கோலாலம்பூரில் இந்த வீடுகளை நடத்துவது மாநகராட்சியான டிபிகேஎல். மாத வாடகை 124 வெள்ளி (ரிங்கிட்). அந்தக் காசுக்கு தலைநகரில் ஓர் அறைகூடக் கிடைக்காது. வாடகை வீடு என்பதால் அத்தைக்குப் பராமரிப்புக் கட்டணம் என்று தனியாக ஒன்றும் இல்லை. லிஃப்ட் பழுதுக்கு அவர் கையிலிருந்து ஒரு காசு கொடுக்க வேண்டாம். புகார் கொடுப்பார், ஒரு எண் கிடைக்கும், அந்த எண்ணை ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வைப்பார். அந்த நாட்காட்டியை நான் பார்த்திருக்கிறேன். தேதியும் எண்ணும் வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் அவ்வளவு சுத்தமான கையெழுத்து.

இதில் உள்ள நிம்மதி சாதாரணமானதல்ல. அதே சமயம், 124 வெள்ளியை வைத்துக்கொண்டு பதினேழு பதினெட்டு மாடிக் கட்டடத்தை யாராலும் பராமரிக்க முடியாது. மீதிப் பணம் மாநகராட்சியின் பொதுக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். எந்த பிளாட்டுக்கு எவ்வளவு, பழுது பார்க்க எத்தனை ஆள் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று பார்த்தால் சிக்கல் தெரியும்.

கோலாலம்பூர் 1960-ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. 1961-இல் அந்தச் சட்டம் நடப்புக்கு வந்தபோது தேர்தலில் வந்த நகர மன்றம் போய்விட்டது. 1974 பிப்ரவரி 1-இல் நகரம், மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் உள்ள கூட்டரசுப் பிரதேசமானது. அன்றிலிருந்து இன்றுவரை டத்தோ பண்டார், அதாவது மேயர், என்ற ஒரே பதவியில் மாநகராட்சியின் சட்ட அதிகாரம் முழுவதும் இருக்கிறது. கவுன்சிலர்கள் கிடையாது. ஆலோசனை வாரியம் ஒன்று உண்டு, அதன் வேலை ஆலோசனை சொல்வது. மேலே கூட்டரசுப் பிரதேசத்துக்குப் பொறுப்பான அமைச்சர். நகரத்தில் 11 நாடாளுமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. அந்த 11 பேரும் மக்களவையில் கேள்வி கேட்கலாம், அதிகாரிகளைச் சந்திக்கலாம், ஆனால் மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் கை தூக்கி ஓட்டுப் போட அவர்களுக்கு இடமில்லை. தன் பகுதி லிஃப்டுக்காக அத்தை யாருக்கு ஓட்டுப் போட்டாலும், அந்த ஓட்டு பணம் பிரிக்கிற மேசைக்கு நேராகப் போய்ச் சேராது.

பல கைகள்: பினாங்கு

இங்கே கதை வேறு. பினாங்கில் மலிவு வீடு பெரும்பாலும் விற்பனைக்குக் கட்டப்படுவது. நெடுநாளாக உச்சவிலை 42,000 வெள்ளி, அதற்கு அடுத்த வகைக்கு 72,500. வாங்கியவுடன் நீங்கள் உரிமையாளர், அப்புறம் கட்டடம் உங்கள் தலையில். 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, 2015-இல் நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு கூட்டம், அதில் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு, மாதக் கட்டணம், அந்தக் கட்டணத்தில் 10 விழுக்காட்டுக்குச் சமமான தொகை சேமிப்பு நிதிக்கு. இதையெல்லாம் கண்காணிக்க, நகரத்தை நடத்தும் ஊராட்சி மன்றத்துக்குள் கட்டட ஆணையர் அலுவலகம். தகராறு என்றால் 250,000 வெள்ளி வரை விசாரிக்கும் நடுவர் மன்றம். ஏட்டில் எதுவும் குறையில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் லிஃப்ட் நின்றது. இருந்த இரண்டில் ஒன்று ஏற்கெனவே செத்துப்போயிருந்தது, நின்றது மற்றொன்று. ஒன்பதாவது மாடியில் ஒரு பாட்டிக்கு அன்று ரத்தச் சுத்திகரிப்பு. கோயில் விருந்துக்குப் போடுகிற சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, விழாமல் இருக்கத் துண்டால் இடுப்பைக் கட்டி, நான்கு பையன்கள் படி வழியாகத் தூக்கி வந்தார்கள். ஆறாவது மாடித் திருப்பத்தில் பாட்டி, "இறக்கி வைங்கப்பா, உங்களுக்கு மூச்சு வாங்குது" என்றார். நான் பின்னால் அவருடைய பையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு நின்றேன். செயலாளராக என்னால் அன்று செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

பழுது பார்க்கும் நிறுவனம் ஏன் வரவில்லை? நாங்கள் ஐந்து மாதம் பாக்கி. ஏன் பாக்கி? பாதி வீட்டில் மாதம் 50 வெள்ளி சார்ஜ் கட்டவில்லை. கட்டாதவர் மேல் வழக்குப் போடலாம், 5,000 வெள்ளி வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. வேலை போன மனிதர் வீட்டு வாசலில் அந்தத் தாளோடு போய் நின்று பாருங்கள். அவர் பக்கத்து வீட்டுக்காரர், நம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவு மோட்டார் சைக்கிள் எடுப்பவர். ஒரே வீட்டுக்காரன் உள்ள அத்தைக்கு இந்தத் தர்மசங்கடம் தெரியாது.

எங்களைக் காப்பாற்றியது மாநில அரசின் பராமரிப்பு நிதி. லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, கூரை போன்ற பெரிய பழுதுகளுக்கு 80 விழுக்காடு வரை மாநிலம் தரும், மீதியைக் குடியிருப்பவர்கள் போட வேண்டும். பழுது ஒரு லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பங்கு 20,000, இருநூறு வீட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு 100. கேட்கச் சிறிய தொகை. அதைச் சேர்க்க மூன்று பேர் ஏழு வாரம் கதவு கதவாகத் தட்டினோம், தமிழில், மலாயில், ஹொக்கியனில். கணக்கு சரியாக இருக்க வேண்டும், கூட்டக் குறிப்பு வேண்டும், விலைப்பட்டியல் வேண்டும். நான் ஓய்வுபெற்ற கணக்கு எழுத்தர் என்பதால் எங்கள் கட்டடத்துக்கு அது நடந்தது. எழுதத் தெரிந்த ஆள் இல்லாத கட்டடம் என்ன செய்யும்? பினாங்கு ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான் என்று நினைக்கிறேன். உதவிப் பணம் இருக்கிறது, அதை எட்டிப் பிடிக்க ஏணி வேண்டும், ஏணியை ஏழைகளே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கேள்வி கேட்கும் இடம்

கேள்வி கேட்பதைப் பொறுத்தவரை பினாங்கு ஒரு படி மேல்தான். வீடமைப்புக்கென்று மாநில ஆட்சிக்குழுவில் ஓர் உறுப்பினர் இருக்கிறார், 2023-லிருந்து சுந்தரராஜு. அவர் சட்டமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும். மாநகர் மன்றத்தில் மேயர் தவிர 24 கவுன்சிலர்கள் வரை இருக்கலாம். 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி மன்றக் கூட்டத்துக்குப் பொதுமக்களும் பத்திரிகைக்காரர்களும் போய் உட்காரலாம். ஆனால் அந்தக் கவுன்சிலர்களை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, மாநில அரசு நியமிக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு மனசு கொஞ்சம் கனக்கும். மலாயாவில் நகர மன்றத் தேர்தல் முதலில் நடந்தது ஜார்ஜ் டவுனில், 1951-இல். 1957-இல் மாநகரமானபோது முதல் மேயர் டி. எஸ். ராமநாதன், ஆசிரியராக இருந்தவர், நம் ஆள். அவர் பெயரில் இன்றும் இங்கே ஒரு சாலை உண்டு. மக்கள் ஓட்டில் வந்த அந்த மன்றம்தான் 1960-களின் தொடக்கத்தில் நகர நடுவில், சிந்த்ரா தெருப் பக்கம், ஏழைகளுக்கு மாடி வீடு கட்டியது. 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தினார்கள். ஊராட்சி மன்றங்களை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு தமிழர்தான், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நியமனத்தை நிலையாக்கிவிட்டது. பினாங்கு 2012-இல் தனிச் சட்டம் இயற்றிப் பார்த்தது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. தேர்தல் என்ற மூன்றாவது ஏற்பாடு இப்போதைக்கு யார் கையிலும் இல்லை.

வேலை செய்யும் கைகள்

சரி, மேலே யார் என்பதை இவ்வளவு பேசுகிறோம், கீழே யார்? பினாங்கு மாநகர் மன்றத்துக்கு 2017-இல் மேயராக வந்தவர் மைமூனா முகமட் ஷரிப். ஐ.நா. குடியிருப்புத் திட்டத்தின் தலைமைப் பொறுப்புக்குப் போய்வந்து, 2024 ஆகஸ்டில் கோலாலம்பூரின் முதல் பெண் டத்தோ பண்டாராகவும் ஆனார். ஒரே மனிதர், இரண்டு நாற்காலி. இங்கே அவரைச் சுற்றிக் கவுன்சிலர்கள் உட்கார்ந்தார்கள், அங்கே சட்டம் அவரைத் தனியாக உட்கார வைத்தது. தலைமை எவ்வளவு தகுதியானதாக இருந்தாலும், பிளாட்டுக்குள் வருவது தொழில்நுட்ப உதவியாளரும் கட்டட ஆணையர் அலுவலகத்து அதிகாரியும்தான்.

இதில் இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒன்று. ஊராட்சி மன்றம் தன் வரிப்பணத்தில் சம்பளம் கொடுத்தாலும், தன் இஷ்டத்துக்கு ஆள் எடுக்க முடியாது. பதவிப் பட்டியலுக்கு மேலிடத்து ஒப்புதல் வேண்டும், சம்பளத் தரம் பொதுச்சேவை விதிகளோடு ஒத்துப்போக வேண்டும். கட்டடம் நூறு கூடினாலும் பதவி ஒன்று கூடுவதற்கு வருடக்கணக்காகும். ஒரு பகுதியைப் பழகிக்கொண்ட அதிகாரி மாற்றலாகிப் போனால் அவர் மண்டையில் இருந்த விவரமும் கூடவே போகும். எங்கள் லிஃப்டைப் பார்க்க வந்த அதிகாரி முப்பது வயதுகூட ஆகாத தம்பி. அக்கறையாகப் பேசினார், இயந்திர அறைக்கு அவரே ஏறிப் பார்த்தார். நாங்கள் பேசிய இருபது நிமிடத்தில் அவருடைய கைப்பேசி ஏழு முறை அடித்தது. ஏழும் வேறு வேறு பிளாட்.

தலைநகர் முறையில் ஒரு நன்மை இருக்கிறது: வீட்டுக்காரரே மாநகராட்சி என்பதால் ஒரே முதலாளியின் ஆட்களைக் கட்டடத்துக்குக் கட்டடம் அனுப்பலாம். எங்களிடம் ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாக ஆளைப் பிடிக்க வேண்டும், சின்னக் கட்டடத்தை எந்த நிறுவனமும் மதிப்பதில்லை. நாலைந்து கட்டடம் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் போட மன்றம் வழி செய்து கொடுத்தால் பாதிச் சுமை இறங்கும்.

யாராவது என்னிடம் நேராகக் கேட்டால் இப்படிச் சொல்வேன். வயதானவர், தனியாள், நிலையான வருமானம் இல்லாதவர் என்றால் அத்தையின் வாடகை வீடுதான் சரி. பழுதுச் செலவு அவர் தலையில் விழவே கூடாது. அதனால் பினாங்கும் வாடகை வீடுகளை அதிகமாகக் கட்ட வேண்டும், எல்லா ஏழையையும் உரிமையாளராக்குவது உதவியாகாது. சம்பாதிக்கும் இளம் குடும்பம், நாலு பேரோடு கூட்டத்தில் உட்காரத் தயார் என்றால் பினாங்கு ஏற்பாடு. கணக்கைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே ஒரு முகத்தைப் பார்த்துக் கேட்க இங்கே முடிகிறது. நான் இந்தப் பக்கம்தான். நிர்வாகம் செத்துக்கிடக்கும் கட்டடங்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்கவே சம்பளத்துக்கு ஆள் போட்டால், அத்தையிடமும் தைரியமாக வாதாடுவேன்.

அடுத்த மாத மன்றக் கூட்டத்துக்கு எங்கள் குழுவிலிருந்து மூன்று பேர் பாடாங் கோத்தா லாமாவில் உள்ள மாநகர மண்டபத்துக்குப் போகிறோம். பார்வையாளர் இடத்திலிருந்து பேச முடியாது. அதனால் கேள்வியை எங்கள் பகுதிக் கவுன்சிலரிடம் எழுதிக் கொடுத்துவிட்டோம்: மலிவு விலை பிளாட்டுகளுக்கு நேரில் போய்ப் பார்க்கும் வேலையில் இப்போது எத்தனை பேர், ஒருவர் பொறுப்பில் எத்தனை கட்டடம்? பதில் வந்ததும் அத்தைக்குப் போன் போட வேண்டும். அங்கே எத்தனை பேர் என்று தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்கப்போவதாக அவரும் சொல்லியிருக்கிறார். கேள்வியை அந்த நாட்காட்டியில் எழுதிவிட்டாராம்.