கோசேஜா, ரிவேராவா: சேவ் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யலாமா?

இருவரும் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வரும் பேஸ்பால் பிட்ச்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள். அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்தால் கிடைக்கும் கணக்குதான் சேவ். மரியானோ ரிவேரா 652 சேவ். கூஸ் கோசேஜ் 310. பேஸ்பால் பேச்சில் பலரும் இந்த இரண்டு எண்களைச் சொல்லி வழக்கை முடித்துவிடுகிறார்கள். இரண்டு பேரில் ரிவேராதான் மேல் என்று நானும் சொல்வேன். ஆனால் அதற்குக் காரணம் 652 இல்லை.

மூன்று ரன் முன்னிலையோடு ஒன்பதாவது, அதாவது வழக்கமான கடைசி இன்னிங்ஸுக்கு வந்து மூன்று அவுட் எடுத்தாலும் ஒரு சேவ்தான். ஏழாவதிலேயே வந்து எட்டு அவுட் எடுத்தாலும் ஒரு சேவ்தான். கோசேஜ் பார்த்தது பெரும்பாலும் இரண்டாவது வகை வேலை. 1978-இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 63 ஆட்டங்களில் 134 இன்னிங்ஸ் (ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்) வீசினார். கிடைத்தது 27 சேவ். ரிவேரா 2004-இல் 74 ஆட்டங்களில் வீசியது 78 இன்னிங்ஸ், சேவ் 53. பாதிக்குச் சற்று மேலான உழைப்புக்கு இரண்டு மடங்கு கணக்கு! இது ரிவேராவின் குற்றமில்லை. 1980-களின் கடைசியில் ஓக்லண்ட் அணியின் மேனேஜர் டோனி லா ரூஸா, பிட்ச்சர் டென்னிஸ் எக்கர்ஸ்லியை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்றே ஒதுக்கி வைத்தார். அப்புறம் எல்லா அணிகளும் அந்த வழிக்கு வந்துவிட்டன.

கோசேஜின் பெருமைக்கு ஒரே ஒரு ஆட்டம் போதும். 1978 அக்டோபர் 2, பாஸ்டன். தோற்றால் சீசன் முடிந்தது. ஏழாவது இன்னிங்ஸில் ஒரு அவுட் ஆனதும் உள்ளே வந்தார். எட்டாவதில் இரண்டு ரன் கொடுத்து 5-4 என்று நெருங்க விட்டார். ஒன்பதாவதில் இரண்டு அவுட், பேஸில் இரண்டு பேர், எதிரே பாஸ்டன் பேட்டர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி. உடம்பையே சேர்த்து எறிவது போன்ற அந்த ஃபாஸ்ட்பால். பந்து செங்குத்தாக எழும்பி மூன்றாவது பேஸில் நின்ற யாங்கீஸ் வீரர் நெட்டில்ஸ் கைக்குப் போனது. ஆட்டம் முடிந்தது.

ரிவேரா வீசும்போது அந்த ஆவேசம் எதுவும் தெரியாது. பனாமாவின் மீனவ ஊர்க்காரர். ஏறத்தாழ ஒரே ஒரு பந்து, கட்டர். நேராக வருவது போல வந்து, கடைசி நொடியில் இடக்கை பேட்டரின் விரல்களை நோக்கி விலகி, மட்டையின் கைப்பிடியை முறித்துவிடும். 2013-இல் விடைபெறும்போது மின்னசோட்டா அணி, உடைந்த மட்டைகளாலேயே ஒரு நாற்காலி செய்து அவருக்குப் பரிசளித்தது.

சரி, ரிவேரா எங்கே மேலே போகிறார்? அக்டோபரில்தான், அதாவது சீசன் முடிந்தபின் வரும் பிளேஆஃப் ஆட்டங்களில்தான். அங்கே 141 இன்னிங்ஸ் வீசி ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்; குறைவாக இருந்தால் நல்லது) 0.70, வாங்கிய ஹோம் ரன் இரண்டே இரண்டு. கோசேஜ் 31 இன்னிங்ஸில் 2.87. நல்ல கணக்குதான். ஆனாலும் 1980-இல் ஜார்ஜ் பிரெட், 1984-இல் கிர்க் கிப்ஸன் என்று எதிரணி பேட்டர்கள் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்கள் நெஞ்சில் தைத்தன. கிப்ஸனை அடிக்க விடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் நினைத்தார். நான் வீசுகிறேன் என்று கேட்டு வாங்கியவர் கோசேஜ். ரிவேராவும் தோற்றிருக்கிறார். 2001 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தை இழந்தபோதுகூட கட்டர் மட்டையை உடைத்தது. பந்துதான் போய் விழக்கூடாத இடத்தில் விழுந்தது.

சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ரிவேரா 2019-இல் முதல் முயற்சியிலேயே 425 வாக்குகளையும் வாங்கிப் போனார். கோசேஜ் ஒன்பதாவது முயற்சி வரை, 2008 வரை காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கோசேஜ் பார்த்த வேலையை ரிவேராவால் பார்த்திருக்க முடியுமா என்று கேட்பவர்கள் 2003-ஐப் பார்க்கட்டும். பாஸ்டனுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், 5-5 சமன். ஒன்பது, பத்து, பதினொன்று என மூன்று இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. பதினொன்றாவதில் யாங்கீஸின் ஆரன் பூன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை வென்றதும் மற்றவர்கள் அவரை வரவேற்கப் போக, ரிவேரா பிட்ச்சர் மேட்டுக்கு ஓடி அங்கேயே விழுந்து அழுதார்.