‘சிங்கப்பூர் லோக்கல் சிம்’ என்று மதுரையில் விற்றால், அட்டையின் நம்பரை முதலில் படியுங்கள்

மகளைப் பார்க்க சிங்கப்பூர் போன திருமங்கலம் தம்பதிக்கு நடந்தது இது. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு, மதுரையில் ஒரு செல்போன் கடையில் 2,400 ரூபாய் கொடுத்து ஒரு சிம் வாங்கினார்கள். "சிங்கப்பூர் லோக்கல் சிம்முண்ணே, 28 நாள் அன்லிமிடெட், இறங்குனதும் தானா எடுத்துக்கும்" என்று சொல்லி, கடையிலேயே போனில் போட்டு டவர் வருவதைக் காட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினால் டவர் இருந்தது, நெட் இல்லை. மகள் வந்து செட்டிங்கை மாற்றியபின் நெட் வந்தது. ஆனால் சாதாரணமாக யாருக்கும் போன் பேச முடியவில்லை. தினமும் மதியத்துக்குமேல் வீடியோ கால் சுற்றிக்கொண்டே நின்றது. பதினெட்டாம் நாள் கார்டு மொத்தமாகப் படுத்துவிட்டது. ஊர் திரும்பிக் கேட்டால், "அந்த நாட்டுக் கம்பெனியத்தான் கேக்கணும்" என்கிறார்கள். பில்லும் கொடுக்கவில்லை.

அது சிங்கப்பூர் சிம்மே இல்லை. வேறொரு நாட்டு நிறுவனத்தின் கார்டு, சிங்கப்பூரில் ரோமிங்கில் ஓடியது. இதைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். சிம் அட்டையில் 19 அல்லது 20 இலக்கத்தில் ஒரு நீள நம்பர் அச்சிட்டிருக்கும், அதற்கு ஐசிசிஐடி என்று பெயர். எந்த சிம்மாக இருந்தாலும் 89-ல் தொடங்கும். அடுத்து வருவது, அந்த சிம்மை வெளியிட்ட நாட்டின் தொலைபேசிக் குறியீடு. சிங்கப்பூர் என்றால் 8965, மலேசியா 8960, தாய்லாந்து 8966, இலங்கை 8994, துபாய் உள்ளிட்ட அமீரகம் 89971. சிங்கப்பூர் சிம் என்று கையில் கொடுத்த அட்டையில் 8966 என்றோ 89852 என்றோ இருந்தால் அது தாய்லாந்து அல்லது ஹாங்காங் கார்டு. அப்படிப்பட்ட ரோமிங் கார்டு வாங்குவது தப்பில்லை, நாலைந்து நாடு சுற்றுபவர்களுக்கு அதுதான் வசதி. லோக்கல் சிம் என்று சொல்லி அதை விற்பதுதான் மோசடி.

மற்றக் கோளாறுகளும் இதிலிருந்து வந்தவைதான். ரோமிங் கார்டு என்பதால் அந்த சிம்முக்கு ‘டேட்டா ரோமிங்’ ஆன் செய்தால்தான் நெட் வரும். சிலவற்றுக்கு ஏபிஎன் பெயரை (நெட் இணைப்புக்காக போன் செட்டிங்கில் கொடுக்கும் பெயர்) கையால் அடிக்கவும் வேண்டும். டேட்டாவுக்கு மட்டுமான கார்டு என்பதால் கால் பேச வழியில்லை. ‘அன்லிமிடெட்’ என்பது பெரும்பாலும் நாளொன்றுக்கு இவ்வளவு ஜிபிதான் முழு வேகம், அதற்குப் பிறகு ஊர்ந்து போகும் என்பதே. அந்த அளவு என்ன என்பதை வாங்கும்போதே கேளுங்கள். நாள் கணக்குதான் எல்லாவற்றிலும் மோசம். இந்த வகைக் கார்டுகள் பலவற்றில், முதன்முதலாக ஏதாவது ஒரு நெட்வொர்க்கில் ஒட்டிய நேரத்திலிருந்து நாள் ஓடும். கடைக்காரர் ‘டெஸ்ட்’ செய்த அன்றைக்கே அந்த 28 நாள் தொடங்கிவிட்டது. பத்து நாள் திருமங்கலம் வீட்டு அலமாரியிலேயே போயிற்று. சீல் பிரித்த கார்டை வாங்காதீர்கள், ஊரில் போட்டுப் பார்க்கவும் விடாதீர்கள்.

இதைவிடக் கவலையான விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கடையில் ஆதார் நகலும் கைரேகையும் வாங்கியிருக்கிறார்கள். இந்தியாவில் வெளிநாட்டு சிம் விற்பவர், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வைத்திருக்க வேண்டும். அவர் கேட்க வேண்டியது பாஸ்போர்ட் விவரம். கைரேகைக்கு அங்கே வேலையே இல்லை. உம்ரா போகிறவர்களிடம் சவுதியில் சிம் வாங்கும்போது ரேகை கேட்பார்கள், அது அந்த நாட்டு விதி. நம் ஊர்க் கடையில் கேட்டால் உங்கள் பெயரில் இந்திய சிம் ஒன்று கிளம்புகிறதோ என்று சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே ரேகை வைத்தவர்கள் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், உங்கள் பெயரில் இருக்கும் இணைப்புகள் அத்தனையும் தெரியும். வாங்காத எண் இருந்தால் அங்கேயே ‘என்னுடையது அல்ல’ என்று புகார் கொடுக்கலாம்.

அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றிக்கொள்ளும் இ-சிம்மிலும் இதே ஏமாற்று நடக்கிறது. 2024 ஜனவரியில் இ-சிம் விற்கும் ஏரலோ, ஹோலாஃப்ளை ஆப்களை இந்தியாவில் முடக்கியதும் தடையில்லாச் சான்று இல்லாமல் விற்றார்கள் என்பதற்காகத்தான். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் கியூஆர் படம் அனுப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். பொதுவாக ஒரு கியூஆர் ஒரு முறைதான் ஏறும். வேறொருவர் ஏற்றி முடித்த படம் உங்களுக்கு வந்தால் பணம் போனதுதான். தவிர, உங்கள் போனில் இ-சிம் வசதி இருக்கிறதா என்று *#06# அடித்துப் பாருங்கள். போனின் அடையாள எண்களான ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்று 32 இலக்க எண் வந்தால் உண்டு. ஏற்றிய இ-சிம்மை வேலை செய்யவில்லை என்று அவசரப்பட்டு டெலீட் செய்யாதீர்கள், மறுபடி ஏறாமல் போகலாம்.

உண்மையான லோக்கல் சிம் வேண்டுமென்றால் இறங்கிய இடத்தில் வாங்குவதுதான் சரி. இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வருகைப் பகுதியிலேயே டயலாக், மொபிடெல் கவுன்டர்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்துதான் தருவார்கள். கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், ஒரு கால் போட்டும் பாருங்கள். கழற்றிய இந்திய சிம்மை பாஸ்போர்ட் உறைக்குள் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். துபாய் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், கால் போகாது. அதற்கு சிம்மைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரட்டை சிம் போன் என்றால் இந்திய சிம்மைக் கழற்றவே வேண்டாம், பேங்க் ஓடிபி அதில்தான் வரும். மதுரையிலேயே அந்த எண்ணுக்கு இன்டர்நேஷனல் ரோமிங்கைப் போட்டுவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு போடப் பார்த்தால் சிக்கல். ரீசார்ஜ் திரும்பும் நாள் வரை இருக்கட்டும். இந்திய சிம்மில் டேட்டா ரோமிங் ஆஃப், டேட்டாவுக்கு வெளிநாட்டு சிம். ‘டேட்டா மாறிக்கொள்ளலாம்’ என்று ஒரு ஆப்ஷன் இருக்கும், அதையும் அணையுங்கள். இல்லாவிட்டால் வெளிநாட்டு சிம்மில் சிக்னல் குறையும்போது போன் தானாக இந்திய சிம் டேட்டாவுக்குத் தாவக்கூடும்.

மதுரையிலேயே வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பில்லில் நாட்டின் பெயர், எத்தனை நாள், எந்த நாளிலிருந்து கணக்கு, முழு வேக ஜிபி எவ்வளவு, கால் உண்டா என்பதை எழுதி வாங்குங்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பில் இல்லாத திருமங்கலம் தம்பதியிடம் இருப்பது ஜிபே ரசீதும் கார்டு ஒட்டியிருந்த பிளாஸ்டிக் அட்டையும்தான். அதில் ஐசிசிஐடி இருக்கிறது, அதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறோம்.